பாக்கெட்டுக்குள் ஒளிந்திருக்கும் பாலூட்டி

மார்ஷ்மெல்லோ மிட்டாய் ஒன்று, கோழி சாசேஜ் ஒன்று, மருந்துக் கடையில் வாங்கிய கேப்ஸ்யூல் ஒன்று, காளான் சூப் பாக்கெட் ஒன்று. இந்த நான்கிலும் ஆட்டுக்கறியோ மாட்டுக்கறியோ பன்றிக்கறியோ ஒரு துண்டுகூடக் கிடையாது. ஆனாலும் இவற்றில் எதைச் சாப்பிட்டாலும் சிலருடைய உடம்பில் ஒரே மாதிரியான தொல்லை கிளம்பலாம். இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர், நள்ளிரவு தாண்டி உள்ளங்கை அரிப்போடு விழித்துக்கொள்கிறார். உடம்பெங்கும் தடிப்பு, வயிற்றைப் பிசையும் வலி, வாந்தி, பேதி. நிலைமை முற்றினால் ரத்த அழுத்தம் சரிந்து, மூச்சுக்குழாய் இறுகி, உயிருக்கே ஆபத்தாகும் அனாஃபிலாக்சிஸ் என்னும் ஒவ்வாமை அதிர்ச்சி. அமெரிக்காவின் தென்கிழக்கு, நடுமேற்கு மாநிலங்களில் இது இன்று அரிய நோய் அல்ல. 2010 முதல் 2022 வரை 1,10,000க்கும் மேற்பட்டவர்களுக்கு இந்த நோய் இருக்கலாம் என்று பரிசோதனைகள் காட்டியதாகவும், உண்மையில் 4,50,000 பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கக்கூடும் என்றும் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையம் 2023இல் அறிவித்தது. நோயின் பெயர் ஆல்ஃபா-கால் நோய்க்குறி. பாலூட்டி விலங்குகளின் இறைச்சிக்கு எதிராக உடம்பு கொள்ளும் ஒவ்வாமை இது.

இந்த ஒவ்வாமை உள்ளவருக்குக் கறிக்கடையைத் தவிர்ப்பது எளிது. மாடு, பன்றி, ஆடு, மான், முயல் ஆகியவற்றின் இறைச்சி கண்ணுக்குத் தெரியும்; ஒதுக்கிவிடலாம். கோழி, வாத்து, மீன், இறால், முட்டை எதுவும் பாலூட்டி அல்லவே, அவற்றைச் சாப்பிடலாம். சிக்கல் தொடங்குவது பாக்கெட்டில் அடைத்த உணவுகளின் முன்னால்தான். பாக்கெட்டின் பின்புறம் அச்சிட்டிருக்கும் சேர்மானப் பட்டியல், ஒரு பொருள் உணவில் என்ன வேலை செய்கிறது என்பதைப் பல இடங்களில் சொல்கிறது: சுவையூட்டி, கெட்டியாக்கி, பால்மமாக்கி, நொதி. அந்தப் பொருள் எந்த உயிரிலிருந்து எடுக்கப்பட்டது என்பதை எல்லா இடத்திலும் அது சொல்வதில்லை. இந்த நோயாளிக்கு வேண்டியதோ அந்த இரண்டாவது தகவல்தான். விலங்கிலிருந்து வந்த ஒவ்வொரு சேர்மானமும் தன் மூல உயிரைப் பட்டியலில் சொல்லியாக வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். அது நியாயமா என்று தீர்ப்புச் சொல்ல, நோயின் அறிவியலை முதலில் புரிந்துகொள்ள வேண்டும்.

இந்த நோயைக் கண்டுபிடிக்க உதவிய தடயம் சமையலறையில் கிடைக்கவில்லை. புற்றுநோய் மருத்துவமனையில் கிடைத்தது. பெருங்குடல், தலை, கழுத்துப் புற்றுநோய்களுக்குத் தரப்படும் செடுக்சிமாப் என்ற மருந்தை நரம்பில் ஏற்றியபோது, சில நோயாளிகள் முதல் தடவையிலேயே, சில நிமிடங்களில், ஒவ்வாமை அதிர்ச்சிக்கு ஆளானார்கள். ஒவ்வாமையின் பொது விதிக்கு இது முரண். முன்பின் சந்திக்காத ஒரு பொருளுக்கு எதிராக உடம்பு ஆயுதம் தீட்டி வைத்திருக்க முடியாது. அதைவிட வியப்பு, இந்த விபத்துகள் டென்னசி, வட கரோலினா போன்ற மாநிலங்களில் குவிந்தன. பாஸ்டன் பக்கம் அரிதாகவே நடந்தன. மருந்து ஒன்றே, நாடு ஒன்றே, ஆனால் வட்டாரம் மாறியதும் விளைவு மாறியது. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் தாமஸ் பிளாட்ஸ்-மில்ஸ் குழுவினர் 2008இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் இதற்கான விடையின் முதல் பாதியை வெளியிட்டார்கள். மருந்து பெற்ற 76 பேரில் 25 பேருக்கு ஒவ்வாமை வந்திருந்தது. அந்த 25 பேரில் 17 பேரின் ரத்தத்தில், மருந்தை ஏற்றுவதற்கு முன்பு எடுத்துவைத்த மாதிரியிலேயே, அந்த மருந்துக்கு எதிரான ஐஜிஈ என்னும் ஒவ்வாமை எதிர்ப்பான்கள் இருந்தன. புற்றுநோயே இல்லாத மக்களின் ரத்தத்தையும் சோதித்தார்கள். டென்னசியில் 72 பேரில் 15 பேரிடம் அதே எதிர்ப்பான். பாஸ்டனில் 341 பேரில் 2 பேரிடம் மட்டுமே.

அந்த எதிர்ப்பான் மருந்தின் எந்தப் பகுதியைப் பற்றிக்கொள்கிறது என்று தேடியபோது விடை துல்லியமாகக் கிடைத்தது. செடுக்சிமாப் எலியின் செல்களில் வளர்த்து எடுக்கப்படும் மருந்து. எலியின் செல், தான் உருவாக்கும் புரதத்தின் மேல் தன் வழக்கப்படி ஒரு சர்க்கரைத் தொடரை ஒட்டிவிடுகிறது. அந்தத் தொடரின் நுனியில் இரண்டு கேலக்டோஸ் மூலக்கூறுகள் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் இணைந்திருக்கின்றன. அந்த இணைப்பின் பெயரைச் சுருக்கித்தான் ஆல்ஃபா-கால் என்கிறோம். இங்கே ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். கேலக்டோஸ் தனியாக எவருக்கும் இந்த ஒவ்வாமையைத் தராது. பாலில் இருக்கும் லாக்டோஸ் என்ற சர்க்கரையிலும் கேலக்டோஸ் உண்டு. ஆனால் அங்கே இணைப்பு வேறு, துணையும் வேறு. எதிர்ப்பான் அடையாளம் காண்பது இரண்டு கேலக்டோஸும் ஆல்ஃபா முறையில் கைகோத்து நிற்கும் அந்த வடிவத்தைத்தான். நாம் பொதுவாக அறிந்த வேர்க்கடலை, இறால், முட்டை ஒவ்வாமைகள் எல்லாம் புரதங்களுக்கு எதிரானவை. சர்க்கரைத் தொடர் ஒன்றுக்கு எதிராக உயிரை அச்சுறுத்தும் உணவு ஒவ்வாமை உண்டாகும் என்பது அதுவரை ஒவ்வாமையியலின் பாடப்புத்தகத்தில் இல்லாத செய்தி.

மாடு, ஆடு, பன்றி, எலி, நாய் என்று ஏறக்குறைய எல்லாப் பாலூட்டிகளின் உடம்பிலும் ஆல்ஃபா-கால் இருக்கிறது. மனிதர், வாலில்லாக் குரங்குகள், ஆசிய ஆப்பிரிக்கக் குரங்குகள் ஆகியோரிடம் மட்டும் இல்லை. இதைத் தயாரிக்கும் மரபணு நம் மூதாதையரிடம் 2 முதல் 3 கோடி ஆண்டுகளுக்கு முன்பு செயலிழந்துபோனது. அதன் சிதைந்த வடிவம் இன்றும் நம் மரபுத்தொகுப்பில் கிடக்கிறது. நம் உடம்பில் இல்லாத வடிவம் என்பதால், நம் நோயெதிர்ப்பு அமைப்பு இதை அந்நியமாகவே பார்க்கிறது. நம் எல்லோருடைய ரத்தத்திலும் ஆல்ஃபா-காலுக்கு எதிரான வேறு வகை எதிர்ப்பான்கள் உள்ளன. மொத்த எதிர்ப்பான்களில் சுமார் ஒரு சதவீதம் இவையே என்று யூரி கலிலி 1984இல் காட்டினார். குடலில் வாழும் பாக்டீரியாக்களில் சில இதே வடிவத்தைத் தாங்கியிருப்பதால் அவை உருவாகின்றன. ஆனால் அவை கறி தின்றவரை நோயாளியாக்குவதில்லை. ஆகவே உண்மையான கேள்வி இதுதான்: எல்லோரிடமும் அமைதியாக இருக்கும் இந்த எதிர்ப்பு, டென்னசிக்காரரிடம் மட்டும் ஏன் ஐஜிஈ என்ற ஆபத்தான வகைக்கு மாறியது?

வரைபடம்தான் பதிலைத் தந்தது. செடுக்சிமாப் விபத்துகள் நடந்த வட்டாரமும், உண்ணிகள் பரப்பும் ராக்கி மலைப் புள்ளிக் காய்ச்சல் மிகுந்த வட்டாரமும் பெரும்பாலும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தின. பூமியின் மறுகோடியில், சிட்னியின் ஷெரில் வான் நியூனன் தன்னிடம் வந்த இறைச்சி ஒவ்வாமை நோயாளிகள் ஏறக்குறைய அனைவரும் உண்ணி கடித்து வீங்கியவர்கள் என்பதை ஏற்கெனவே கவனித்திருந்தார். 2009இல் அவர் வெளியிட்ட 25 பேர் பட்டியலில் 24 பேருக்கு அந்த வரலாறு இருந்தது. அமெரிக்காவில் குற்றவாளி லோன் ஸ்டார் உண்ணி. பெண் உண்ணியின் முதுகில் ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கும். ஆஸ்திரேலியாவிலும் ஐரோப்பாவிலும் வேறு உண்ணி இனங்கள் இதே வேலையைச் செய்கின்றன. வெறும் ஒற்றுமையைக் காரணமாக எடுத்துக்கொள்ளலாமா என்று ஒருவர் கேட்கலாம், கேட்க வேண்டும். அதற்கான சான்றுகள் அடுத்தடுத்து வந்தன. உண்ணி கடித்த சிலரின் ரத்தத்தைத் தொடர்ந்து சோதித்ததில், கடிக்குப் பின் ஆல்ஃபா-கால் ஐஜிஈ பல மடங்கு ஏறுவது நேரடியாகப் பதிவானது. பிளாட்ஸ்-மில்ஸ் தாமே 2007இல் மலையேறப் போய் உண்ணிக் குஞ்சுகளிடம் கடிபட்டு, தம் ரத்தத்தில் அந்த ஏற்றத்தை அளந்தவர். ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2013இல் அங்குள்ள உண்ணியின் குடலிலேயே ஆல்ஃபா-காலைக் கண்டார்கள். மீண்டும் உண்ணி கடிக்காமல் பார்த்துக்கொண்டவர்களில் பலருக்கு ஐஜிஈ அளவு ஆண்டுகள் செல்லச்செல்லக் குறைகிறது. சிலர் மறுபடியும் இறைச்சி உண்ணும் நிலைக்குத் திரும்புகிறார்கள். காரணம் வந்தால் ஏறி, காரணம் விலகினால் இறங்கும் ஒன்றைத் தற்செயல் என்று ஒதுக்க முடியாது.

அடுத்த புதிர் தாமதம். வேர்க்கடலை ஒவ்வாமை சில நிமிடங்களில் வெடிக்கும். இறைச்சி ஒவ்வாமையோ 2 முதல் 6 மணி நேரம் கழித்து வருகிறது. எதிர்ப்பான் மெதுவாக வேலை செய்கிறது என்று சொல்லிவிட முடியாது. நரம்பில் ஏற்றிய செடுக்சிமாப்புக்கு அதே எதிர்ப்பான் நிமிடங்களில் சீறியது. எனவே தாமதம் வயிற்றுக்கும் ரத்தத்துக்கும் இடையிலான வழியில்தான் நிகழ வேண்டும். ஆல்ஃபா-கால் புரதத்தின் மேல் மட்டுமல்லாமல் கொழுப்பின் மேலும் ஒட்டியிருக்கிறது. செரித்த புரதத்தின் துண்டுகள் குடலிலிருந்து கல்லீரல் வழியாக விரைவில் ரத்தத்தில் சேர்கின்றன; அது பாயின்ட் டு பாயின்ட் பேருந்துப் பயணம். கொழுப்போ சிறுசிறு உருண்டைகளாகக் கட்டப்பட்டு, நிணநீர்க் குழாய்களில் ஏறி, மார்பு வரை சுற்றிக்கொண்டு போய், ஊர் ஊராக நின்று வரும் வண்டியைப் போல மணிக்கணக்கில் தாமதித்துத்தான் ரத்தத்தை அடைகிறது. ஆஸ்திரிய ஆய்வாளர்கள் 2019இல் ஆய்வகத்தில் வளர்த்த குடல் செல் படலத்தில் இதைச் சோதித்தபோது, கொழுப்பில் ஒட்டிய ஆல்ஃபா-கால் படலத்தைக் கடந்தது. புரதத்தில் ஒட்டியது ஒவ்வாமை தூண்டும் நிலையில் கடக்கவில்லை. 2014இல் வர்ஜீனியாவில் நோயாளிகளை மருத்துவமனையில் அமர்த்தி இறைச்சி கொடுத்துக் கண்காணித்த ஆய்வில், 12 பேரில் 10 பேருக்குச் சில மணி நேரம் கழித்தே அறிகுறிகள் தோன்றின. ரத்தத்தில் ஒவ்வாமை செல்கள் விழித்துக்கொண்டதும் அதே நேரத்தில்தான். கொழுப்பு மிகுந்த உணவுக்குப் பின் தாக்குதல் கடுமையாவதாக நோயாளிகள் சொல்வதும் இதோடு ஒத்துப்போகிறது.

இந்தத் தாமதம்தான் சேர்மானப் பட்டியலை உயிர்நாடியான ஆவணமாக்குகிறது. சாப்பிட்ட உடனே நாக்கு தடித்தால் எது காரணம் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். ஐந்து மணி நேரம் கழித்து அரித்தால், இடையில் தின்ற பத்துப் பொருளில் எதைக் குற்றம் சொல்வது? அதோடு ஒரே உணவு ஒரே ஆளை எல்லா நாளும் ஒரே மாதிரி தாக்குவதும் இல்லை. அளவு, கொழுப்பு, உடற்பயிற்சி, மது, அண்மையில் பட்ட உண்ணிக்கடி எல்லாம் சேர்ந்து விளைவைக் கூட்டும், குறைக்கும். அனுபவத்தைக் கொண்டு கற்றுக்கொள்ளும் வழி அடைபட்டுப்போகிறது. மருத்துவரும் பல சமயம் துணைக்கு வருவதில்லை: 2022இல் அமெரிக்க மருத்துவப் பணியாளர்கள் 1,500 பேரிடம் நடத்திய கணக்கெடுப்பில் 42 சதவீதம் பேர் இந்த நோயைக் கேள்விப்பட்டதே இல்லை என்றார்கள். நியூஜெர்சியில் 2024இல் ஹாம்பர்கர் உண்ட ஒருவர் சில மணி நேரத்தில் இறந்துபோனார். சேமித்து வைத்திருந்த ரத்தத்தை வர்ஜீனியா குழு சோதித்த பிறகே காரணம் தெரிந்தது. இந்த ஒவ்வாமையால் இறைச்சி உண்டு நேர்ந்ததாக மருத்துவ ஏட்டில் பதிவான முதல் மரணம் அது. தன் உடம்பும் சொல்லாது, மருத்துவரும் சொல்லாமல் இருக்கலாம் என்னும்போது, மிச்சம் இருப்பது பாக்கெட்டின் பின்புறம் மட்டுமே.

அந்தப் பின்புறத்தைப் படிக்கும்போது எல்லாச் சேர்மானமும் ஒரே அளவு ஆபத்தானவை அல்ல என்பதை மனதில் வைக்க வேண்டும். முதல் வரிசையில் வருபவை பாலூட்டியின் திசுவை அப்படியே கொண்டவை: பன்றிக் கொழுப்பு, மாட்டுக் கொழுப்பு, எலும்புச் சாறு, இறைச்சிச் சாரம், ஈரல், சிறுநீரகம். பன்றிச் சிறுநீரகத்தில் ஆல்ஃபா-கால் மிக அதிகம். கோழி சாசேஜின் புதிர் இங்கேதான் அவிழ்கிறது: உள்ளே கோழியாக இருந்தாலும், அதை அடைத்த உறை பன்றியின் அல்லது ஆட்டின் குடலாக இருக்கலாம். இரண்டாம் வரிசையில் ஜெலட்டின். மாடு, பன்றிகளின் தோலையும் எலும்பையும் வேகவைத்து எடுக்கும் இந்தக் கெட்டியாக்கி மார்ஷ்மெல்லோ, பசை மிட்டாய், சில தயிர் வகைகள், கேப்ஸ்யூல் உறை ஆகியவற்றில் உண்டு. ஜெலட்டின் மிட்டாய் தின்றே ஒவ்வாமை அதிர்ச்சிக்கு ஆளான நோயாளி 2013இல் மருத்துவ ஏட்டில் பதிவாகியிருக்கிறார். மூன்றாம் வரிசையில் பாலும் அதன் வழிவந்தவையும். பாலில் ஆல்ஃபா-கால் குறைவு. நோயாளிகளில் பெரும்பாலோர் பாலையும் தயிரையும் தாங்கிக்கொள்கிறார்கள். கொழுப்பு மிகுந்த ஐஸ்கிரீம், கிரீம், பாலாடைக்கட்டி ஆகியவை ஒரு சிலருக்கு மட்டும் தொல்லை தருகின்றன.

நான்காம் வரிசைதான் இருட்டு மூலை. மோனோ-டைகிளிசரைடு, கிளிசரின், ஸ்டியரிக் அமிலம், மக்னீசியம் ஸ்டியரேட் ஆகியவை தாவர எண்ணெயிலிருந்தும் வரலாம், மாட்டுக் கொழுப்பிலிருந்தும் வரலாம். பெயரைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. வேதியியல்படி பார்த்தால், நன்கு சுத்திகரித்த கிளிசரினில் ஆல்ஃபா-கால் தங்க வாய்ப்புக் குறைவு. ஆனால் மிகக் கூர்மையான ஒவ்வாமை உள்ள சிலர் இவற்றுக்கும் தொல்லைப்படுவதாக மருத்துவர்கள் காண்கிறார்கள். பாலாடைக்கட்டியின் பட்டியலில் 'நொதிகள்' என்று மட்டும் இருக்கும். பாலைத் திரிக்கும் அந்த நொதி கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து வந்திருக்கலாம். ஆனால் நுண்ணுயிரிகளைக் கொண்டு அதைத் தயாரிக்கும் முறை 1990இல் அமெரிக்க அனுமதி பெற்றதிலிருந்து, பெரும்பாலும் அப்படித்தான் தயாரிக்கப்படுகிறது. 'இயற்கைச் சுவையூட்டி' என்ற தொடருக்குள் பழச்சாறும் அடங்கும், மாட்டிறைச்சிச் சாரமும் அடங்கும். அமெரிக்க விதியின் வரையறையே இறைச்சியையும் மூலங்களில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. இதே வரிசையில் ஒரு விதிவிலக்கும் உண்டு. கராகீனன் என்ற கெட்டியாக்கி கடற்பாசியிலிருந்து வருவது. ஆனால் கேலக்டோஸ்களை ஆல்ஃபா முறையில் கோக்கும் இணைப்பு அதன் கட்டமைப்பிலும் இருக்கிறது. நோயாளிகளில் சிலர் அதைத் தவிர்த்தால் நலமாக இருப்பதாகச் சொல்கிறார்கள். அதற்கான மருத்துவச் சான்று மெல்லியது. தொல்லை கண்டவர் தவிர்க்கலாம், மற்றவர் அஞ்ச வேண்டியதில்லை.

இந்த இருட்டு மூலை இயற்கையாக உண்டானது அல்ல. சட்டம் வகுத்த எல்லையால் உண்டானது. அமெரிக்கா 2004இல் நிறைவேற்றிய சட்டம் பால், முட்டை, மீன், ஓட்டுடலிகள் (இறால், நண்டு), மரக்கொட்டைகள், வேர்க்கடலை, கோதுமை, சோயா என்ற எட்டை முதன்மை ஒவ்வாமைப் பொருள்களாக அறிவித்தது. 2021இல் எள் சேர்க்கப்பட்டு, 2023 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. இந்த ஒன்பதில் எது இருந்தாலும், சுவையூட்டிக் கலவைக்குள் துளியாகக் கலந்திருந்தாலும், பெயர் சொல்லியாக வேண்டும். இதன் விளைவைக் கவனியுங்கள். ஒரே சுவையூட்டியில் பால் பொடியும் மாட்டிறைச்சிச் சாரமும் கலந்திருந்தால், பாலை வெளியே சொல்லச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. மாட்டை மறைக்க அனுமதிக்கிறது. அந்தச் சட்டம் எழுதப்பட்டபோது ஆல்ஃபா-கால் நோயை எவரும் கண்டுபிடிக்கவில்லை என்பதால் எழுதியவர்களைக் குறை சொல்ல இடமில்லை. ஆனால் நோய் தெரிந்து பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகும் பட்டியல் அப்படியே இருப்பதற்கு அந்தச் சமாதானம் பொருந்தாது. இருக்கும் சட்டத்திலிருந்தே கூர்மையான வாசகர் சில முடிவுகளைப் பெறலாம். மீன் ஜெலட்டினாக இருந்தால் மீன் என்று எழுதியாக வேண்டும். எனவே வெறுமனே 'ஜெலட்டின்' என்றிருந்தால் அது மாடு அல்லது பன்றி என்றே கொள்ளலாம். பால் வழிவந்த எதுவும் பால் என்று அறிவிக்கப்பட்டிருக்கும். இப்படி ஊகித்துப் படிப்பது பட்டியலோடு பழகிய நோயாளிக்குக் கைகொடுக்கும். நோய் நேற்றுத் தெரியவந்தவர் அந்த ஊகத்தில் தடுமாறுவார்.

வேறு முத்திரைகளை நம்பினால் போதாதா என்பது முதல் மறுப்பு. வீகன் என்று எழுதிய பாக்கெட் நல்ல துணைதான். ஆனால் அமெரிக்கச் சட்டத்தில் அந்தச் சொல்லுக்கு உறுதியான வரையறை இல்லை; அதோடு மீன், முட்டை, கோழி என்று நோயாளி தாராளமாக உண்ணக்கூடியவற்றையும் அது விலக்கிவிடுகிறது. ஹலால் முத்திரை விலங்கு எப்படி அறுக்கப்பட்டது என்பதைச் சொல்வது; ஹலால் மாடும் மாடுதான். யூதர்களின் கோஷர் முறையில் பரேவ் என்ற குறி, இறைச்சியும் பாலும் சேராத உணவைக் குறிக்கிறது. மீனும் முட்டையும் அதில் அனுமதி என்பதால், பார்வைக்கு இந்த நோயாளிக்காகவே செய்தது போல் தோன்றும். ஆனால் மாட்டுத் தோலிலிருந்து எடுத்த ஜெலட்டினையும் சில கோஷர் அமைப்புகள் பரேவாக ஏற்கின்றன. நம் நாட்டின் பச்சைப் புள்ளியும் இந்த வரிசையில் வரும். வட கரோலினாவிலும் வர்ஜீனியாவிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் இந்தியக் கடையில் வாங்கும் பாக்கெட்டுகளில் அது இருக்கும். இந்திய விதிப்படி ஜெலட்டினோ விலங்குக் கொழுப்போ சேர்ந்த உணவு பச்சைப் புள்ளி பெற முடியாது. பாலும் நெய்யும் பெறலாம். பாலைத் தாங்கிக்கொள்ளும் நோயாளிக்கு அது பெரிய உதவி. பாலும் ஆகாதவருக்கு அது பாதி உதவி. இந்த முத்திரைகள் ஒவ்வொன்றும் ஓர் அறத்தையோ சமயத்தையோ காக்கப் பிறந்தவை. அந்த வேலையை அவை நன்றாகச் செய்கின்றன. ஒவ்வாமை நோயாளியின் உயிரை அவற்றின் மேல் சுமத்துவது அவற்றுக்கும் நியாயமில்லை.

இரண்டாவது மறுப்பு கனமானது. நான்காம் வரிசைச் சேர்மானங்களில் ஆல்ஃபா-கால் இருந்தாலும் மிகச் சொற்பம். பெரும்பாலான நோயாளிகளுக்கு அவை ஒன்றும் செய்வதில்லை. அவற்றைப் பெரிதாக்கினால் மக்கள் வீணாக அஞ்சி, சத்துள்ள உணவையும் தேவையான மருந்தையும் கைவிடுவார்கள் என்பதே அந்த மறுப்பு. இதில் உண்மை இருக்கிறது. தென்கிழக்கு அமெரிக்காவில் ஐஜிஈ ரத்தத்தில் இருந்தும் எந்த அறிகுறியும் இல்லாமல் கறி உண்பவர்கள் பலர் உண்டு. ரத்தப் பரிசோதனை மட்டும் நோயை உறுதிசெய்யாது. ஆனால் இந்த மறுப்பு ஆழ்ந்து பார்த்தால் மூலத்தை எழுதச் சொல்லும் வாதத்துக்கே வலு சேர்க்கிறது. இன்று மக்னீசியம் ஸ்டியரேட் எதிலிருந்து வந்தது என்று தெரியாத நோயாளி, தாவரத்திலிருந்து வந்ததையும் சேர்த்து ஒதுக்குகிறார். மூலம் எழுதியிருந்தால் அவர் அஞ்ச வேண்டியவற்றின் எண்ணிக்கை குறையும். அளவு எவ்வளவு என்பதை மருத்துவரும் நோயாளியும் சேர்ந்து முடிவு செய்யலாம்; மூலம் எது என்பது தெரியாமல் அந்தப் பேச்சையே தொடங்க முடியாது. அச்சத்தைப் பெருக்குவது அறியாமைதான், தகவல் அல்ல.

உற்பத்தியாளருக்குத் தாங்க முடியாத சுமை என்பது மூன்றாவது மறுப்பு. இதற்கு அமெரிக்காவின் விதிப்புத்தகமே பதில் வைத்திருக்கிறது. உணவில் சேர்க்கும் கொழுப்பும் எண்ணெயும் மாட்டுக் கொழுப்பா, பருத்திக்கொட்டை எண்ணெயா என்று மூலப்பெயரோடு எழுதப்பட வேண்டும் என்ற விதி ஏற்கெனவே இருக்கிறது. சுவைக்காகச் சேர்க்கும் நீராற்பகுத்த புரதம் சோயாவிலிருந்தா, பாலிலிருந்தா என்று சொல்ல வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. சாசேஜின் உறை உள்ளிருக்கும் இறைச்சியின் விலங்கிலிருந்து வேறுபட்டால் எந்த விலங்கு என்று எழுத வேண்டும் என்று அந்நாட்டு வேளாண் துறை கட்டாயமாக்கியிருக்கிறது. ஆகவே கோழி சாசேஜ் வாங்கும் நோயாளி இன்று சிறு எழுத்தைப் படித்தால் தப்பித்துக்கொள்ள முடிகிறது. இந்த விதிகளால் எந்தத் தொழிலும் மூடிப்போகவில்லை. ஜெலட்டினுக்கும் கிளிசரினுக்கும் நொதிக்கும் சுவையூட்டிக்கும் அதே வழக்கத்தை நீட்டுவதுதான் மிச்சம். தன் சரக்கு எங்கிருந்து வருகிறது என்பதை வாங்கும் நிறுவனம் அறிந்தே வைத்திருக்கிறது. கோஷர், ஹலால், வீகன் சந்தைகளுக்கு விற்கும்போது அதே தகவலைக் கேட்டுப் பெறுகிறது. மேலும் இதனால் பயன்பெறுபவர் ஒவ்வாமை நோயாளி மட்டுமல்லர். பன்றி ஆகாதவர், மாடு ஆகாதவர், எந்த உயிரும் ஆகாதவர் என்று தன் தட்டில் இருப்பது எதுவென்று அறிய விரும்பும் எல்லோருக்கும் அந்த ஒரு தகவல் உதவும். முதன்மை ஒவ்வாமைப் பட்டியலில் ஆல்ஃபா-காலைச் சேர்க்க ஒரு மசோதா 2025இல் அமெரிக்க காங்கிரஸில் கொண்டுவரப்பட்டது. அது கேட்பது புதிய அறிவியலை அல்ல. தெரிந்துவிட்ட அறிவியலுக்கு ஏற்பச் சட்டத்தைத் திருத்துவதை.

அதுவரை நோயாளியும் அவர் வீட்டாரும் செய்யக்கூடியவை சில உண்டு. பாக்கெட்டின் முகப்பில் இருக்கும் படத்தையும் பெயரையும் நம்பாமல் சேர்மானப் பட்டியலைக் கடைசி வரி வரை படிக்க வேண்டும். ஒருமுறை படித்தது போதும் என்று விடக் கூடாது. அதே பொருளின் சேர்மானத்தை நிறுவனம் சொல்லாமலே மாற்றலாம் என்பதால் வாங்கும் ஒவ்வொரு தடவையும் படிக்க வேண்டும். இயற்கைச் சுவையூட்டி, நொதி, கிளிசரைடு போன்றவை இருந்தால் நிறுவனத்துக்கு எழுதிக் கேட்கலாம். 'இதில் ஒவ்வாமைப் பொருள் ஏதும் உண்டா' என்று கேட்டால் சட்டப் பட்டியலை வைத்து இல்லை என்று பதில் வரும். 'மாடு, பன்றி, ஆடு முதலிய பாலூட்டியிலிருந்து எடுத்த எந்தச் சேர்மானமாவது இதில் உண்டா' என்றுதான் கேட்க வேண்டும். மருந்துகளிலும் இதே கவனம் தேவை. கேப்ஸ்யூல் உறை போக, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் பன்றிக் குடலிலிருந்து வருகிறது. சில செயற்கை இதய வால்வுகள் பன்றி, மாட்டுத் திசுவால் ஆனவை. அறுவை சிகிச்சைக்கு முன் மருத்துவரிடம் நோயைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் எந்த மருந்தையும் தானாக நிறுத்தக் கூடாது. எதை விலக்க வேண்டும், எதை விலக்கத் தேவையில்லை என்பதை ஒவ்வாமை மருத்துவரோடு உட்கார்ந்து வரிசைப்படுத்திக்கொள்வதே பாதுகாப்பு. எல்லாவற்றுக்கும் மேலாக, உண்ணி கடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த ஒவ்வாமை தணிய இன்று நம் கையில் இருக்கும் முக்கிய வழி அது.

ஒரு சர்க்கரை வடிவத்தை ரத்தத்தில் அளக்கிறோம். அது குடலிலிருந்து ரத்தத்துக்கு வரும் வழியை அறிந்திருக்கிறோம். அதற்கு எதிராக உடம்பைத் தூண்டிவிடும் உண்ணியின் முதுகுப் புள்ளியைக்கூட அறிந்திருக்கிறோம். இவ்வளவு அறிந்த பிறகும், மிட்டாய் வாங்க வந்த நோயாளி அது எந்த விலங்கிலிருந்து வந்தது என்று ஊகித்துக்கொண்டு நிற்பது நியாயமல்ல. உணவு நிறுவனங்களும் சட்டமியற்றுவோரும் விலங்கு வழிவந்த ஒவ்வொரு சேர்மானத்தின் பக்கத்திலும் அந்த விலங்கின் பெயரை எழுதச் செய்ய வேண்டும். வாங்குவோராகிய நாமும், நமக்கு ஒவ்வாமை இல்லையென்றாலும், அந்தக் கேள்வியைத் தொடர்ந்து கேட்க வேண்டும்.